‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்வதை நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் பகுதியில் தொற்றுநோய் பரவத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. என் கணவருக்கு நுரையீரல் தொற்று என்று உறுதியாகி, மருத்துவர் சொன்னபடி வீட்டிலேயே ஓர் அறையில் தனியாக இருக்கிறார். காய்ச்சல் குறைந்துவிட்டது. 8 வயது மகன் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை கை கழுவுகிறான், தோல் வெடித்துவிட்டது. விட்டுப்போயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கமும் திரும்பிவிட்டது. 15 வயது மகள் கதவைச் சாத்திக்கொண்டு விடிய விடிய போனில் இருக்கிறாள். 74 வயது மாமியார் எழுந்ததிலிருந்து டிவி செய்தி முன்னால்தான். சாப்பாடு சரியாக இறங்குவதில்லை. எல்லோருக்கும் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிச் சொல்லி, இரவில் எனக்கே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. எனக்கும் தொற்றிவிட்டதோ? எல்லோரையும் எப்படித் தைரியமாக வைத்திருப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். அதனால் மூச்சு முட்டுவதை ‘வெறும் பயம்’ என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி, பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பதற்றத்தில் வரும் மூச்சு முட்டலுக்கு ஒரு போக்கு உண்டு. திடீரென்று கிளம்பும், பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்தில் தணியத் தொடங்கும். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும். நோயால் வருவது வேறு மாதிரி: நாலடி நடந்தாலே கூடும், மணிக்கணக்கில் நீடிக்கும், இருமலோ காய்ச்சலோ துணைக்கு வரும். உதடு நீலம் பாரித்தால், நெஞ்சு அழுத்தினால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் இளைத்தால், பேச்சில் குழப்பம் தெரிந்தால் நேரத்தைப் போக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இது உங்களுக்கும் பொருந்தும், கணவருக்கும் பொருந்தும். இரண்டில் எது என்று தெரியாதபோது உடல்நோய் என்றே வைத்துக்கொண்டு நடங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் மருத்துவர் சொன்ன வேளைகளில் மட்டும் பாருங்கள். ஒரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பிறகு, நகப்பூச்சு இல்லாத விரலில், கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிய பின் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் எண் தவறாகக் குறையும். அதைப் பார்த்துப் பதற்றம் ஏறும். உடனே மறுபடி மாட்டத் தோன்றும்.

நோய் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் முட்டல் வந்தால் ஒரு பயிற்சி செய்யுங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை மெதுவாக உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே, 5 நிமிடம். பலரும் ‘நன்றாக இழுத்து விடு’ என்ற அறிவுரையைக் கேட்டு, மார்பு விரிய வேகமாக இழுத்து இழுத்து விடுவார்கள். அப்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, தலைசுற்றலும் மரமரப்பும் அதிகமாகும். மூச்சின் அளவு சாதாரணமாகவே இருக்கட்டும். வெளிவிடும் நேரம்தான் நீள வேண்டும். இதைப் பகலில், அமைதியாக இருக்கும்போது இரண்டு வேளை பழகியிருந்தால்தான் இரவு 2 மணிக்குக் கைகொடுக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லோரையும் தைரியமாக வைத்திருப்பது உங்கள் வேலை அல்ல. நோய் பரவும்போது பயம் வருவது கோளாறில்லை. அந்தப் பயம்தான் நம்மைக் கை கழுவ வைக்கிறது, கூட்டத்தைத் தவிர்க்க வைக்கிறது. மனதை அரிப்பது பயத்தைவிட, தெரியாமை. என்ன நடக்கிறது, எத்தனை நாள், யார் எதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆளைத் தின்கிறது. ‘ஒன்றும் ஆகாது’ என்ற சொல் அந்தத் தெரியாமையைக் கொஞ்சமும் குறைப்பதில்லை. சொல்பவரின் முகம் வேறு ஒன்றைச் சொல்லும். 8 வயதுப் பிள்ளை வார்த்தையை விட்டுவிட்டு முகத்தைத்தான் படிக்கும். அதற்குப் பதிலாகத் தெரிந்ததை அளவோடு சொல்லுங்கள்: “அப்பாவுக்குக் காய்ச்சல் குறைஞ்சிருக்கு. டாக்டர் தினமும் போன்ல விசாரிக்கிறார். மூச்சு விடக் கஷ்டம் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போவோம். அப்போ உன்னைப் பார்த்துக்க யார் வருவாங்கன்னு பேசி வச்சிருக்கேன்.” இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் மனதுக்குள் ஓடும் கேள்வியோ அதுதான். ஆகவே நீங்களும் படுத்துவிட்டால் பிள்ளைகளையும் மாமியாரையும் யார் கவனிப்பது என்பதை இன்றே ஒருவரிடம் பேசி, அவர் பெயரையும் எண்ணையும் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை, எந்த வேளை என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

மகன் விஷயத்தில் விளக்கத்துக்கு முன்னால் கேள்வி. “இந்த நோயைப் பத்தி உனக்கு என்னவெல்லாம் தெரியும்? யார் சொன்னா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்த வயதில் ‘நான் சரியாகக் கை கழுவாததால்தான் அப்பாவுக்கு வந்தது’ என்று ஒரு பிள்ளை தானாகவே முடிவுக்கு வந்திருக்கக்கூடும். அவன் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும், “அப்பாவுக்கு வந்ததுக்கு நீ காரணமில்லை. நீ செஞ்சதாலயும் வரல, செய்யாம விட்டதாலயும் வரல” என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

கை கழுவுவதற்கு எல்லை வேண்டும். கழிப்பறைக்குப் போய் வந்ததும், சாப்பிடும் முன், வெளியிலிருந்து வந்ததும், இருமியோ தும்மியோ மூக்கைத் துடைத்த பிறகும், அப்பா அறையிலிருந்து வந்த பொருளைத் தொட்டாலும் சோப்பால் 20 வினாடி கழுவ வேண்டும். இதை அவனே படமாக வரைந்து குழாய்க்கு மேல் ஒட்டட்டும். பட்டியலில் இல்லாத வேளையில் ஓடினால் தடுத்து இழுக்காதீர்கள், திட்டாதீர்கள். “5 நிமிஷம் பொறுத்துப் பார்ப்போம், நானும் கூட இருக்கேன்” என்று தள்ளிப்போடுங்கள். சில நாளில் 5 நிமிடத்தைப் பத்தாக்குங்கள். கழுவாமலே பதற்றம் தானாக இறங்கும் என்பதை அவன் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். சொல்லிப் புரியவைக்க முடியாத பாடம் அது. வெடித்த தோலில் சானிடைசர் எரியும், வெடிப்பு வழியாக வேறு கிருமிகளும் புகலாம்; ஒவ்வொரு முறையும் ஒற்றித் துடைத்து, வாசனை சேர்க்காத வாசலின் போன்ற களிம்பைத் தடவிவிடுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. “என் கை சுத்தமா இருக்கா? எனக்கு வராதுல்ல?” என்று திரும்பத் திரும்பக் கேட்பான். ஒவ்வொரு முறையும் ‘வராது கண்ணா’ என்று சொன்னால் ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு இன்னும் வலுவாகக் கேட்பான். ஒருமுறை முழுதாகப் பதில் சொல்லுங்கள். அடுத்த முறை, “இதுக்கு நாம பேசிட்டோமே, அம்மா என்ன சொன்னேன்?” என்று அவன் வாயிலிருந்தே வரவழையுங்கள். அதற்கு மேல் பேச்சை வேறு வேலைக்குத் திருப்புங்கள். கழுவுவதிலும் அது பற்றிய நினைப்பிலும் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, தடுத்தால் அலறுகிறான், சாப்பாடும் விளையாட்டும் கெடுகின்றன என்றால் அது எண்ணச் சுழற்சி நோயாக (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் OCD) மாறிவருகிறதா என்று பார்க்க வேண்டும். பரவல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போனிலாவது பேசுங்கள்.

படுக்கை நனைவதற்கு ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ள வேண்டாம். நெருக்கடியில் பிள்ளைகள் ஒரு படி கீழே இறங்கி நிற்பது வழக்கம்தான். தூங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் குடிப்பதைக் குறைத்து, படுக்கும் முன் கழிப்பறைக்கு அனுப்புங்கள். மாற்று விரிப்பைக் கட்டிலருகிலேயே வைத்தால் நள்ளிரவில் பெரிய அமர்க்களம் இல்லாமல் முடியும். ஆனால் சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், அல்லது பகலிலும் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு இருந்தால் காரணம் மனம் அல்ல. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய் இரண்டுக்கும் உடனே பரிசோதிக்க வேண்டும்.

மாமியாரின் டிவிக்கு வருவோம். ரிமோட்டைப் பிடுங்கினால் போனை எடுப்பார், போனைப் பிடுங்கினால் சண்டை வரும். பெரியவர்கள் செய்தியை விடாமல் பார்ப்பது காவல் காப்பது போன்றது: கண்ணை எடுத்தால் ஏதோ நடந்துவிடும் என்ற பிடிவாதம். அந்தக் காவலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். “அத்தை, காலையும் சாயங்காலமும் சுகாதாரத் துறை அறிவிப்பை நான் பார்த்துச் சொல்றேன். நமக்கு ஏதாவது மாறியிருந்தா அப்பவே சொல்லிடறேன்.” சொன்ன நேரத்தில், கேட்கும் முன்பே, இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். ஒருநாள் மறந்தாலும் டிவி திரும்ப வந்துவிடும். சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 15 நிமிடம். படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் ‘உடனே எல்லோருக்கும் அனுப்பவும்’ வகையை விவாதித்து ஜெயிக்க முடியாது. “அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒருதரம் காட்டுங்க” என்ற ஒரே நிபந்தனை போதும்.

அவர் சாப்பிடாததைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பயத்தால் குறைந்த பசி என்றால் சிறு அளவாக, அடிக்கடி, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தால் கொஞ்சம் இறங்கும். ஆனால் முந்தாநாள்வரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் ஆள் தெரியாமல் பேசினால், பகலில் மயங்கிக் கிடந்து இரவில் அலைபாய்ந்தால், அந்தக் குழப்பம் ஏறியிறங்கி வந்தால், அது மனக்கவலை அல்ல. வயதானவர்களுக்குத் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மாத்திரைக் கோளாறு ஆகியவற்றின் முதல் அடையாளம் காய்ச்சலே இல்லாத இந்தக் குழப்பமாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ‘நிம்மதியாத் தூங்கட்டும்’ என்று வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்; குழப்பத்தைக் கூட்டும், விழுந்து இடுப்பெலும்பு முறிய வழிவகுக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, மனநல மருந்துகள் எதுவாக இருந்தாலும் கையிருப்பு இரண்டு வாரத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனநல மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் பழைய நோய் திரும்பலாம், சில மாத்திரைகளுக்கு வலிப்புகூட வரலாம்.

காது மந்தமானவராக இருந்தால் இன்னொன்று: முகக்கவசம் போட்டபின் உதடு தெரியாது, பாதிப் பேச்சு அவருக்குப் போய்ச் சேராது. நீங்கள் எதையோ மறைப்பதாக நினைப்பார். மெதுவாகப் பேசுங்கள், முக்கியமானதைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள்.

மகளிடம் ‘என்ன ஆச்சு, ஏன் பேசமாட்டேங்கற’ என்று எதிரே உட்கார்ந்து கேட்டால் ‘ஒண்ணுமில்ல’தான் பதில். பக்கத்துப் பக்கத்தில் நின்று துணி மடிக்கும்போது, காய் நறுக்கும்போது பேச்சு தானாக வரும். அவளுக்கு நிஜமான பொறுப்பு ஒன்று கொடுங்கள்: அப்பாவின் வெப்பநிலையையும் மாத்திரை வேளையையும் போனில் கேட்டுக் குறித்துவைப்பது, தம்பியின் மாலை ஒரு மணி நேரத்தை நடத்துவது. வேலையை ஒப்படைத்தபின் மேலிருந்து திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். தூக்கத்தைச் சரிசெய்ய இரவு சண்டை உதவாது. காலை எழும் நேரத்தைப் பிடியுங்கள். வாரத்துக்கு அரை மணி, முக்கால் மணி நேரமாக முன்னால் இழுத்து, எழுந்ததும் வெளிச்சத்தில் அரை மணி நேரம் இருக்கச் செய்தால் இரவுத் தூக்கம் தானே முன்னால் நகரும். போன்களுக்கு இரவில் படுக்கையறைக்கு வெளியே ஓர் இடம். உங்கள் போனும் அங்கேதான். தோழிகளோடு பேசுவதை மட்டும் முழுதாக வெட்டிவிடாதீர்கள். இந்த வயதில் அது பொழுதுபோக்கு அல்ல.

அவள் ‘நான் இருந்து என்ன’ என்பதுபோலப் பேசினாலோ, காயத்தை மறைப்பதுபோலக் கை முழுதும் மூடிய உடையிலேயே எப்போதும் இருந்தாலோ, பிடித்த பொருள்களை எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தாலோ நேராகக் கேளுங்கள்: “செத்துப்போகலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள்; மாத்திரைகள், பூச்சிமருந்து, கூர்மையான பொருள்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு அன்றே மனநல மருத்துவரையோ அவசர உதவியையோ அணுகுங்கள். வீட்டு மாத்திரைகளை இப்போதே பூட்டிவைப்பது நல்லது. நோய்க்காலத்தில் எல்லா வீட்டிலும் வழக்கத்தைவிட அதிகமாக மருந்து சேர்ந்திருக்கும்.

கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. தனி அறையில் இருப்பவருக்கு நோயோடு ‘நான்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன்’ என்ற உறுத்தலும் இருக்கும். 2003ஆம் ஆண்டு சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியபோது கனடாவின் டொரண்டோ நகரில் தனிமைப்படுத்தப்பட்ட 129 பேரிடம் நடந்த ஆய்வில், ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன; நாள் நீண்டவர்களிடம் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. ஆகவே நாள் கணக்கில் கவனம் வேண்டும். ‘திங்கட்கிழமை அப்பா வெளியே வந்துடுவார்’ என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். தேதி தள்ளிப்போனால் நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள். ‘திங்கட்கிழமை டாக்டர்கிட்ட கேட்போம்’ என்று சொல்லுங்கள்; அந்தத் தேதியில் தவறாது. அவருக்கும் அறையிலிருந்தே ஒரு வேலை இருக்கட்டும்: வீட்டுக் கணக்கு, பில் கட்டுவது, தினமும் ஒரே நேரத்தில் மகனுக்கு வீடியோ காலில் பாடமோ கதையோ. ஒரு வேளையாவது கதவுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் போனை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள்.

உங்கள் தூக்கம். மாலையில், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பாவது, ஒரு நோட்டோடு 15 நிமிடம் உட்காருங்கள். இடப்பக்கம் ‘நாளை செய்யக்கூடியது’, வலப்பக்கம் ‘என் கையில் இல்லாதது’. இடப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஒரே ஒரு படி மட்டும் எழுதுங்கள். 15 நிமிடம் முடிந்ததும் நோட்டை மூடுங்கள். இரவில் கவலை வந்தால் ‘நாளை அந்த நேரத்துக்கு’ என்று ஒரு சொல்லைக் குறித்துவிட்டுத் திரும்பிப் படுங்கள். ஏறக்குறைய 20 நிமிடம் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகும்போது திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். நாளுக்கு ஒரு மணி நேரம் யாரும் உங்களைக் கூப்பிடாத நேரம் என்று மகளோடு பேசி வையுங்கள். அந்த நேரத்தில் மீதி வேலையை முடிக்க உட்காராதீர்கள், அதுதான் பெரும்பாலும் நடக்கும்.

உங்களுக்குள் பயம் இருப்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. “எனக்கும் கவலையா இருக்கு, அதான் டாக்டர் சொன்னதை ஒண்ணுவிடாம செய்யறேன்” என்றால் போதும். அவர்கள் முன் உடைந்து அழுதுவிட்டாலும் பெரிய குற்றமில்லை. பிறகு வந்து, ஏன் அழுதீர்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

அக்கம்பக்கத்தார் ஒதுக்குவதுபோல் நடந்தால் பிள்ளைகளிடம் முன்கூட்டியே ஒரு பதிலைப் பழக்குங்கள்: “அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் நாங்க வெளிய வரமாட்டோம்.” மறைக்கச் சொன்னால் அது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று பதிந்துவிடும்.

யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்கள் மனம் வெறுத்து, தூக்கமும் பசியும் கெட்டு, வழக்கமான வேலை செய்ய முடியாமல் போனால் மனநல உதவி தேவை. ஒரு நாள் முழுதும் எதையும் குடிக்காதது, இல்லாத குரல் கேட்பது, வீட்டில் அடிதடி இவற்றுக்கு இரண்டு வாரக் கணக்கு கிடையாது. அன்றே உதவி தேடுங்கள். போனில் ஆலோசனை பெறுவதென்றால் முந்தைய ஒரு வாரத்தில் எப்போது தூங்கி எப்போது எழுந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். பத்து நிமிடப் பேச்சில் பாதியை அதற்கே செலவழிக்காமல் இருக்கலாம்.

கடைசியாக, கதவு திறக்கும் நாளைப் பற்றி. மருத்துவர் அனுமதித்து உங்கள் கணவர் வெளியே வரும்போது, மகன் ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்க்காதீர்கள். இத்தனை நாள் ‘கிட்டே போகாதே’ என்று சொல்லி வளர்த்த பயம் ஒரு நிமிடத்தில் கலையாது. அவன் இரண்டடி பின்வாங்கலாம். “போய் அப்பாவைத் தொடு” என்று தள்ளாதீர்கள். கணவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: அவர் தரையில் உட்கார்ந்து, அவன் விளையாடுகிற பொருளை எடுத்து விளையாட ஆரம்பிக்கட்டும். அவன் தானாக வரட்டும், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆனாலும் சரி. அவருக்கும் சில வாரங்கள் அசதி இருக்கும். பழைய வேலைகள் அனைத்தையும் முதல் நாளே அவர் தலையில் ஏற்றாமல், மாலை நேரத்தில் உங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தையும் விட்டுக்கொடுக்காமல் இருங்கள்.